தடை செய்த பூச்சிக்கொல்லிக்கு இறக்குமதியில் மட்டும் வரம்பு எதற்கு?

ஒரு நாடு தன் விவசாயிகள் தொடவே கூடாது என்று தடை செய்த பூச்சிக்கொல்லி, இறக்குமதியாகும் பழத்திலும் தானியத்திலும் இன்ன அளவு வரை இருக்கலாம் என்று அதே நாட்டின் சட்டம் எப்படிச் சொல்கிறது? அந்த அளவைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? இந்த இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வருகின்றன. கேட்கிற கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதில் சொல்வதற்கு முன், வரம்பு என்கிற அந்த எண் எங்கே பிறக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி, அந்த எண்ணின் பொருளைத் தவறாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

அதிகபட்ச எச்ச வரம்பு என்பது, ஒரு மருந்தை லேபிளில் சொன்ன அளவில், சொன்ன தடவைகள் மட்டும் அடித்து, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய நாட்களை விட்டு அறுத்தால், விளைபொருளில் மிஞ்சக்கூடியதன் மேல் எல்லை. இதற்காக வெவ்வேறு இடங்களில் மேற்பார்வையுடன் வயல் சோதனைகள் நடத்துகிறார்கள். எட்டு வயல்களில் நடந்த சோதனையில் ஒரு பழத்தில் மிஞ்சிய அளவு கிலோவுக்கு முறையே 0.12, 0.15, 0.18, 0.20, 0.22, 0.25, 0.30, 0.40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி வகுத்து, பல நாடுகள் பயன்படுத்தும் கணக்கீட்டு முறை மூன்று எண்களை ஒப்பிடுகிறது: கிடைத்ததிலேயே அதிகமானது, இங்கே 0.40; சராசரியுடன் திட்ட விலக்கத்தின் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) நான்கு மடங்கைக் கூட்டியது, இங்கே சுமார் 0.59; சராசரியின் மூன்று மடங்கு, இங்கே சுமார் 0.68. இவற்றில் பெரியதை எடுத்து, மேல்நோக்கி முழுமையாக்கி, வரம்பு 0.7 என்று வைப்பார்கள். எந்த வயலிலும் 0.4-ஐத் தாண்டாத ஒன்றுக்கு 0.7 எதற்கு என்று தோன்றலாம். மழை, வெயில், இலையடர்த்தி, விசைத்தெளிப்பானின் முனை என்று ஆயிரம் காரணங்களால் எச்சம் கூடிக் குறையும். ஒழுங்காக மருந்து அடித்த விவசாயியின் சரக்கு, தற்செயலாகச் சற்றுக் கூடுதலாக இருந்ததற்காகப் பிடிபடக் கூடாது என்பதுதான் அந்த இடைவெளியின் நோக்கம்.

இந்தக் கணக்கில் நச்சியல் என்ற பேச்சே இன்னும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 0.7 என்பது ஒழுங்கான சாகுபடியின் அளவுகோல். அது அடுத்த படியில்தான் உடல்நலச் சோதனைக்குப் போகிறது. விலங்குச் சோதனைகளில் எந்தப் பாதிப்பும் தென்படாத அளவை எடுத்து, விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்தாலும், மனிதருக்குள்ளேயே உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்தாலும் வகுத்து, வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொள்ளத்தக்க அளவு என்று ஒன்றை வகுப்பார்கள். நீண்டகாலக் கணக்குக்கு வயல் சோதனைகளின் இடைநிலை மதிப்பைப் பயன்படுத்துவது வழக்கம். மேலே சொன்ன உதாரணத்தில் அது 0.21. ஒரே நாளில் நிறையத் தின்பவருக்கான கணக்கு தனி. 15 கிலோ எடையுள்ள குழந்தை, கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் எச்சமுள்ள பழத்தில் 200 கிராம் தின்றால், உடலுக்குள் போவது 0.14 மில்லிகிராம், உடல் எடைக்குக் கணக்கிட்டால் கிலோவுக்கு 0.009 மில்லிகிராம். அந்த மருந்துக்கு ஒரே நாளில் தாங்கத்தக்க அளவு 0.1 என்றிருந்தால் இது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; 0.005 என்றிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் மருந்துக்கு 0.7 என்ற வரம்பு நிற்கும்; இரண்டாவதற்கு நிற்காது, வயல் சோதனை என்ன சொன்னாலும் அந்த வரம்பைத் தர முடியாது. ஒரு பழக்கூடைக்குள்ளேயே ஒரு பழத்துக்கும் இன்னொரு பழத்துக்கும் எச்சம் மாறுபடும் என்பதால், அதற்கென்று மேலும் ஒரு பெருக்கல் காரணி சேர்க்கப்படுகிறது. சர்வதேச நிபுணர் குழு 3 என்று எடுக்கிற இடத்தில் ஐரோப்பா 5, 7 என்று எடுத்து வந்திருக்கிறது. ஒரே தரவிலிருந்து இரண்டு அதிகார அமைப்புகள் இரண்டு முடிவுக்கு வருவதற்கு இது போன்ற சின்ன எண்களும் காரணம்.

ஆகவே உடல்நல எல்லை ஒரு கூரை. எச்ச வரம்பு அந்தக் கூரைக்குக் கீழே, பல சமயம் வெகு கீழே, சாகுபடிக் கணக்கில் கட்டிய பரண். சரக்கு ஒன்று வரம்பைத் தாண்டிவிட்டது என்ற செய்தி, பரணைத் தாண்டிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. கூரையைத் தொட்டதா என்பதைத் தனியாகக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். தலைப்புச் செய்தி எழுதுபவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஆரஞ்சுச் சாறு. 2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரு சாறு நிறுவனம், தன் சாற்றிலும் போட்டியாளர்களின் சாற்றிலும் கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லி மிகக் குறைந்த அளவில் தென்படுவதாக உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. பிரேசிலில் ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் கரும்புள்ளி நோய்க்கு எதிராக அந்த மருந்து சட்டப்படியே அடிக்கப்பட்டு வந்தது; அமெரிக்காவிலோ ஆரஞ்சில் அதற்கு அனுமதியும் இல்லை, எச்ச வரம்பும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி வரம்பு இல்லையென்றால் எவ்வளவு இருந்தாலும் குற்றம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குப் போட்டுப் பார்த்து, நூறு கோடியில் 80 பங்கு வரை இருந்தாலும் உடல்நலக் கவலை இல்லை என்றது. எனவே கடைகளில் ஏற்கெனவே இருந்த சாற்றைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. ஆனால் 2012 ஜனவரி முதல் துறைமுகத்தில் வரும் புதிய சரக்கில் 10 பங்கோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளே விடவில்லை. ஒரே பொருள், ஒரே அளவு: கடை அலமாரியில் இருக்கலாம், கப்பலிலிருந்து இறங்கக் கூடாது. முரண்பாடு போலத் தெரிந்தாலும் இரண்டும் இரு வேறு கேள்விகளுக்கான பதில்கள். கடையில் இருந்ததற்குக் கேட்டது ‘இது தீங்கா’ என்பது. துறைமுகத்தில் கேட்டது ‘இது சட்டப்படி சரியா’ என்பது.

அந்தச் சம்பவத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பிரேசிலிலிருந்து வந்ததில் ஒரு பகுதி, நீரை அகற்றி அடர்த்தியாக்கி உறைய வைத்த சாறு. குடிப்பதற்கு முன் அதை ஐந்தாறு மடங்கு நீர்க்க வைப்பார்கள். நீரை அகற்றும்போது எச்சத்தின் செறிவும் ஏறுகிறது. நீர்த்த பிறகு கணக்கிடுங்கள் என்று ஏற்றுமதியாளர்கள் கேட்டார்கள். வந்த நிலையிலேயே அளப்போம் என்று நிர்வாகம் சொன்னது. அமெரிக்காவுக்கான அடர்த்திச் சாற்றின் ஏற்றுமதி அத்துடன் தடைபட்டது. உலர்த்திய, பொடித்த, பிழிந்த, அடர்த்தியாக்கிய உணவுக்கு வரம்பை எந்த நிலையில் பொருத்துவது என்பது இறக்குமதிச் சட்டங்களில் இன்றும் சரியாக எழுதப்படாத பக்கம். அளவுப் பட்டியல்களில் பெரும்பாலானவை புதிய விளைபொருளுக்கானவை; வர்த்தகத்தில் ஓடுவதில் கணிசமானது பதப்படுத்தியது.

இப்போது பூஜ்யத்துக்கு வருவோம். வரம்பு எதுவும் நிர்ணயிக்கப்படாத மருந்து-பயிர் ஜோடிக்கு என்ன செய்வது என்பதே இறக்குமதிக் கட்டுப்பாட்டின் உண்மையான மையம். பதிவுபெற்ற மருந்துகள் நூற்றுக்கணக்கில். உணவுப் பயிர்களும் நூற்றுக்கணக்கில். அந்தப் பெருக்கல் தரும் கட்டங்கள் அனைத்தையும் நிரப்ப எந்த நாட்டாலும் முடியாது. காலிக் கட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 396/2005 என்ற விதியில், 2008 செப்டம்பர் முதல், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது அளவை வைத்திருக்கிறது. ஜப்பான் 2006 மே மாதம் நேர்மறைப் பட்டியல் முறைக்கு மாறியபோது அதே 0.01-ஐத்தான் எடுத்துக்கொண்டது. அதற்கு முன் அங்கே பட்டியலில் இல்லாத மருந்தைத் தடுக்கச் சட்டத்தில் பிடி இல்லை. பட்டியலில் இருந்தால் மட்டுமே வரம்பு. மாற்றத்துக்குப் பின் நிலைமை தலைகீழ்: பட்டியலில் பெயர் இல்லாததே தடைக்குப் போதும்.

0.01 மில்லிகிராம் என்பது நூறு டன் உணவில் ஒரு கிராம். யாருக்கு எவ்வளவு தீங்கு என்ற ஆய்விலிருந்து வந்த எண் அது அல்ல. பெரும்பாலான மருந்துகளை ஆய்வகங்கள் நம்பகமாக அளக்கக்கூடிய அடித்தளம் ஏறத்தாழ அங்கே இருக்கிறது என்பதால் வந்த எண். சட்டம் பூஜ்யம் என்று எழுதினாலும், ஆய்வகம் ‘தென்படவில்லை’ என்றுதான் எழுத முடியும். அதன் பொருள், இந்தக் கருவியில், இந்த முறையில், இந்த அளவுக்குக் கீழே எனக்குத் தெரியாது என்பதே. முப்பது ஆண்டுகளுக்கு முன் பூஜ்யமாக இருந்தது இன்று பூஜ்யம் இல்லை, பழம் மாறியதால் அல்ல, எச்சத்தை அளக்கும் நிறமாலைமானி மாறியதால். கருவி வாங்க வாங்கச் சட்டம் தானாகக் கடுமையாகிக்கொண்டே போகும் ஒரு ஏற்பாட்டைச் சட்டமன்றம் தெரிந்து இயற்றுவது நல்லதல்ல என்பது என் கருத்து. 0.01 என்று எழுதினால் குறைந்தபட்சம் எல்லா ஆய்வகங்களும் ஒரே இடத்தில் நிற்கும்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் இந்த எண்களின் மீதான பிரமை கொஞ்சம் தெளியும். இருபது டன் பழம் ஏற்றிய ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது. 500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு என்றால், சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் மாதிரி எடுப்பு வழிகாட்டியின்படி பத்து இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். கதவோரம் கைக்கெட்டிய பெட்டிகளிலேயே பத்தையும் முடித்துவிடத் தோன்றும். சரக்கை உள்வரை இறக்கினால்தான் ஒழுங்கான மாதிரி. எடுத்ததை ஒன்றுசேர்த்து, நடுத்தர அளவுப் பழமென்றால் குறைந்தது பத்துப் பழமும் ஒரு கிலோவும் ஆய்வகத்துக்குப் போகும். ஆரஞ்சைத் தோலோடுதான் அரைக்க வேண்டும், தோலை யாரும் தின்பதில்லை என்றாலும். வரம்பு முழுப் பழத்துக்கானது. அரைத்த விழுதிலிருந்து பத்துக் கிராம் எடுத்து ஒரு குழாயில் போட்டு, பத்து மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி, நான்கு கிராம் மெக்னீசியம் சல்பேட்டும் ஒரு கிராம் உப்பும் சேர்த்து ஒரு நிமிடம் ஓங்கிக் குலுக்குகிறார் பகுப்பாய்வாளர். 2003-இல் வெளியான ‘கெச்சர்ஸ்’ முறை இதுதான். அதன் எளிமைதான் ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடும் வழக்கத்தை உலகெங்கும் கொண்டுவந்தது. இருபது டன்னில் பத்துக் கிராம் என்பது இருபது லட்சத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்துக் கிராம்தான் மொத்தக் கன்டெய்னருக்கும் சாட்சி.

அளவீட்டிலும் ஐயம் உண்டு. ஐரோப்பிய ஆய்வகங்கள் எச்ச அளவீட்டுக்கு 50 சதவீத நிச்சயமின்மையைப் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. அதாவது வரம்பு 0.01 ஆக இருக்கும் இடத்தில் கருவி 0.018 காட்டினால், ஐயத்தின் பலனைச் சரக்குக்காரருக்குக் கொடுத்துப் பாதியைக் கழிக்க 0.009 வரும், நடவடிக்கை கிடையாது. 0.021 காட்டினால் கழித்த பிறகும் 0.0105, சரக்கு நிராகரிப்பு. 2022-இல் ஐரோப்பாவில் சோதித்த 1,10,829 மாதிரிகளில் 3.7 சதவீதம் எண்ணளவில் வரம்பைத் தாண்டின. நிச்சயமின்மையைக் கழித்த பின் விதிமீறல் என்று நின்றவை 2.2 சதவீதம். உணவின் அபாயத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டில் எதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி, தடை செய்த மருந்துக்கு வரம்பு எதற்கு என்ற கேள்வி. தடை என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. உண்பவருக்குப் புற்றுநோய் அபாயம், அல்லது மரபணுச் சேதம் என்ற ஐயம் காரணமாகத் தடை வரலாம். தெளிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்காகத் தடை வரலாம். அந்த அபாயம் தெளிக்கும் வயலில் இருக்கிறது, பழத்தில் இல்லை. நிலத்தடி நீருக்காகவோ தேனீக்களுக்காகவோ வரலாம். இவை எதுவுமே இல்லாமல், பதிவைப் புதுப்பிக்கும் செலவுக்கு விற்பனை கட்டுப்படியாகாது என்று நிறுவனமே விலகிக்கொண்டிருக்கலாம். அல்லது, அந்தப் பூச்சியோ அந்தப் பயிரோ அந்த நாட்டில் இல்லவே இல்லை என்பதால் யாரும் அனுமதி கேட்டே இருக்க மாட்டார்கள். வாழை விளையாத நாட்டில் வாழைக்கான பூசணக்கொல்லிக்கு யார் விண்ணப்பிப்பார்கள்? கடைசி வகையில் ‘அனுமதி இல்லை’ என்பதைத் ‘தடை’ என்று மொழிபெயர்ப்பதே பிழை.

இறக்குமதி வரம்பு என்ற தனி ஏற்பாடு இந்த இடைவெளிக்காகத்தான் உண்டாயிற்று. விளையும் நாட்டில் முறைப்படி பயன்படும் மருந்துக்கு, வயல் சோதனைத் தரவும் நச்சியல் தரவும் கொடுத்து, உண்ணும் நாட்டில் வரம்பு கேட்கலாம். பொதுச் சுகாதாரம் அல்லாத காரணத்தால் ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லாத பயன்பாடுகளுக்கு இப்படி வரம்பு தரலாம் என்று ஐரோப்பிய விதி வெளிப்படையாகவே சொல்கிறது. உண்பவரின் உடல்நலமே தடைக்குக் காரணம் என்றால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். கோட்பாட்டளவில் இது தெளிவான பிரிவினை. நான் இதைச் சரியென்றே நினைக்கிறேன். சிக்கல் பணத்தில் இருக்கிறது. இந்தத் தரவுகளைத் திரட்டும் செலவைத் தாங்குவது மருந்து நிறுவனங்கள். காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்கும் பழைய மருந்துக்கோ, ஏற்றுமதி சிறிதான பயிருக்கோ விண்ணப்பிக்க யாரும் முன்வருவதில்லை. அப்போது கட்டம் காலியாகவே கிடந்து 0.01 என்று ஆகிறது. தீங்கு நிரூபணமானதால் 0.01 ஆனதும், கேட்பாரற்றுப் போனதால் 0.01 ஆனதும் பட்டியலில் ஒன்றுபோலவே தெரியும்.

சர்வதேச அளவில் இதைச் சமன் செய்வதற்காகத்தான் 1963-இல் உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து கோடெக்ஸ் ஆணையத்தைத் தொடங்கின. அதே ஆண்டிலிருந்து கூடிவரும் எச்ச நிபுணர் குழு தரவுகளை மதிப்பிடுகிறது. உறுப்பு நாடுகள் அமரும் கோடெக்ஸ் எச்சக் குழு அதன் மீது வரம்பைப் பரிந்துரைக்க, ஆணையம் அதை ஏற்கிறது. கோடெக்ஸ் வரம்பு எந்த நாட்டையும் தானாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் 1995 முதல் நடைமுறையில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தம் கோடெக்ஸை அளவுகோலாக ஏற்றிருப்பதால், அதைவிடக் கடுமையான வரம்பை வைக்கும் நாடு அறிவியல் நியாயம் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. போதிய அறிவியல் சான்று இல்லாதபோது தற்காலிக நடவடிக்கை எடுக்க 5.7 என்ற பிரிவு இடம் தருகிறது, பின்னர் நியாயமான காலத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. புதிய வரம்பை முன்கூட்டியே அறிவித்து, கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தர வேண்டும். நடைமுறையில், சந்தை பெரிதாக இருப்பவரின் வரம்பே உலக வரம்பாகிவிடுகிறது. எந்தத் துறைமுகத்துக்குப் போகும் என்று தெரியாத சரக்கை விளைவிப்பவர் மிகக் கடுமையான எண்ணுக்கே தயாராகிறார். அதற்கு வசதி இல்லாதவர் சந்தையை மாற்றிக்கொள்கிறார்.

இந்த ஒழுங்குக்குள் 2023-இல் ஒரு புதிய வகை எண் நுழைந்தது. குளோதயனிடின், தயாமெதாக்சம் என்ற, நியோனிக்கோடினாய்டு வகையைச் சேர்ந்த இரண்டு பூச்சிக்கொல்லிகளின் வரம்புகளை, உண்பவருக்கான அபாயத்தைக் காரணம் காட்டாமல், உலகெங்கும் தேனீ போன்ற மகரந்தச் சேர்க்கையாளர்களுக்கு நேரும் கேட்டைக் காரணம் காட்டி, அளவிடத்தக்க குறைந்தபட்சத்துக்கு இறக்கியது ஐரோப்பிய ஆணையம். பழத்தில் மிஞ்சிய அணுக்களை வைத்து வேறொரு கண்டத்தின் வயலை நெறிப்படுத்தும் முயற்சி இது. உள்நாட்டு விவசாயிக்கு இல்லாத மருந்து போட்டியாளருக்கு மட்டும் எப்படி என்ற கேள்விக்கு இது பதில்போலத் தோன்றும். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. எச்சம் ஒரு மோசமான சாட்சி: விதைநேர்த்திக்குப் பயன்பட்ட மருந்து பழத்தில் தென்படாமலேயே போகலாம், தேனீயைக் கொன்றிருந்தாலும், பூக்காலம் முடிந்து அடித்தது தென்படலாம், ஒரு தேனீயையும் தொடாவிட்டாலும். சுற்றுச்சூழல் நோக்கத்துக்கு நேரடியான கருவி வேறு இருக்கிறது. தன் மண்ணில் தடை செய்த மருந்தைத் தயாரித்து ஏற்றுமதி செய்வதை நிறுத்துவது அதில் ஒன்று. பிரான்ஸ் 2018-இல் இயற்றிய சட்டத்தின் வழியாக 2022 முதல் அப்படி ஒரு தடையைக் கொண்டுவந்தது. மருந்தை விற்கும் கை, அதன் எச்சத்தைத் திருப்பி அனுப்பும் கையாகவும் இருப்பதைப் பற்றிப் பேசாமல் இறக்குமதி வரம்பை மட்டும் இறக்குவது பாதி வேலை.

எதை எச்சம் என்று எண்ணுவது என்பதிலும் நாடுகள் ஒத்துப்போவதில்லை. இதற்கு எத்திலீன் ஆக்சைடு போல இன்னோர் உதாரணம் கிடைக்காது. எள்ளிலும் மசாலாப் பொருட்களிலும் சால்மொனெல்லாக் கிருமியை அழிக்கப் பயன்படும் வாயு அது. மரபணுவைச் சேதப்படுத்தும் புற்றுநோய்க் காரணியும் அதுவே. உணவில் அது பெரும்பாலும் 2-குளோரோஎத்தனால் என்ற வேறு பொருளாக மாறிவிடுகிறது. ஐரோப்பா இரண்டையும் கூட்டி ஒரே எச்சமாக எண்ணுகிறது. எள்ளுக்கு வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். அமெரிக்கா இரண்டையும் பிரித்து, வாயுவுக்கு 7 மில்லிகிராம், மாறிய பொருளுக்கு 940 மில்லிகிராம் என்று எள்ளுக்கும் உலர்ந்த மசாலாக்களுக்கும் தருகிறது. 2020 செப்டம்பரில் பெல்ஜியம் எழுப்பிய எச்சரிக்கைக்குப் பின், இந்தியாவிலிருந்து செல்லும் எள்ளில் பாதிச் சரக்குகளை எல்லையிலேயே சோதிக்க ஐரோப்பா உத்தரவிட்டது. ஒரே மூட்டை எள், ஒரு துறைமுகத்தில் பாதுகாப்பான உணவு. மற்றொன்றில் அழிக்க வேண்டிய கழிவு. இங்கே உண்மையில் மோதுவது இரண்டு அச்சங்கள், ஒன்று கிருமி பற்றியது, மற்றது புற்றுநோய் பற்றியது. தடுப்பவர், கிருமியை அழிக்க நீராவி போன்ற வேறு வழியையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தத் தடை முழுமை பெறும்.

மருந்தே அடிக்காமல் வரும் எச்சமும் உண்டு. தேயிலையில் தென்படும் ஆந்த்ராகுவினோன் என்ற வேதிப்பொருளுக்கு உலர்த்தும் அடுப்பின் புகை ஒரு காரணம். குளோரேட் என்ற பழைய களைக்கொல்லி, குளோரின் கலந்த நீரில் காய்கறியைக் கழுவினாலே வந்துவிடும். கோசு வகைகளில் இயற்கையாகவே உள்ள கந்தகச் சேர்மங்கள், டைதயோகார்பமேட் என்ற பூசணக்கொல்லி வகைக்கான சோதனையில் பொய்யாக மருந்தாகத் தென்படும். பல பத்தாண்டுகளுக்கு முன் வயல்களில் அடிப்பது நின்றுபோன டிடிடி மண்ணிலிருந்து இன்னும் ஏறுகிறது. அதனால்தான் அதற்குச் சாகுபடியைச் சாராத தனி வகை வரம்பை வைத்திருக்கிறார்கள். பூஜ்யம் என்று எழுதுபவர், யாரும் செய்யாத குற்றத்துக்கும் தண்டனை எழுதுகிறார்.

அப்படியானால் எப்படி நெறிப்படுத்துவது? பொது அளவு 0.01 இருக்கட்டும், ஆனால் அதனுடன் சேர்த்து, விண்ணப்பிக்க ஆளில்லாத சிறு பயிர்களுக்குக் கோடெக்ஸ் மதிப்பீட்டையே தரவாக ஏற்கும் வழி இருக்க வேண்டும். எல்லைச் சோதனையை எல்லாச் சரக்குக்கும் ஒரே விகிதத்தில் தூவுவது வீண். ஐரோப்பாவின் 2019/1793 விதி செய்வதுபோல, மீறல் பதிவான நாடு-பொருள் ஜோடிக்கு 10, 20, 50 சதவீதம் என்று ஏற்றி, ஒழுங்கானதும் இறக்கினால் ஆய்வகத்தின் நேரம் வேண்டிய இடத்தில் செலவாகும். அமெரிக்கா செய்வதுபோல, தொடர்ந்து மீறியவரின் சரக்கைச் சோதிக்காமலே நிறுத்திவைத்து, சுத்தமானது என்று நிரூபிக்கும் பொறுப்பை அவரிடமே விடுவதும் பயனுள்ளதே. ஆனால் பட்டியலிலிருந்து வெளியேறும் வழி எழுத்தில் இல்லாவிட்டால் அது தண்டனையாக மட்டுமே நிற்கும். வரம்பு மீறிய செய்தியை வெளியிடும்போது ஒருநாள் உட்கொள்ளல் கணக்கையும் உடன் வெளியிடுவதைச் சட்டக் கடமையாக்கலாம். செலவில்லாத சீர்திருத்தம் அது. வரம்பைக் கடுமையாக்குவதற்கு முன் அந்த அளவை நம்பகமாக அளக்கும் ஆய்வகங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதும் நல்லது, ஏனென்றால் அளக்க முடியாத வரம்பு நேர்மையான வியாபாரியை மட்டும்தான் கட்டிப்போடும்.

கால அவகாசமும் வரம்பின் ஒரு பகுதியே. டிரைசைக்ளசோல் என்ற பூசணக்கொல்லிக்கு அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராமாக இருந்த வரம்பை ஐரோப்பா 2017-இல் 0.01-க்கு, அதாவது நூறில் ஒரு பங்குக்கு இறக்கியது. குலைநோய்க்கு அந்த மருந்து அடித்து அறுத்த நெல் அப்போதே கிடங்குகளில் இருந்தது. பாஸ்மதி அரிசியை மாதக்கணக்கில் முதிரவைத்துத்தான் விற்பார்கள் என்பதால், அதற்கு மட்டும் அவகாசம் நீட்டிக்கப்பட்டது. எந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பது, அறுத்த தேதியா, ஆலையில் அரைத்த தேதியா, துறைமுகத்தில் இறங்கிய தேதியா என்று விதியில் எழுதப்படும் ஒரே வரிதான், ஒரு பருவத்தின் முழு விளைச்சலும் சந்தைக்குப் போகுமா கிடங்கிலேயே கிடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. உண்பவரின் உடல்நலத்துக்கு உடனடி ஐயம் இருந்தால் அவகாசமே தரக் கூடாது. தேனீக்களுக்காக இறக்கிய வரம்புக்கு ஐரோப்பா மூன்றாண்டு தந்து 2026 மார்ச் வரை காத்திருந்ததும், இந்த வேறுபாட்டை அதுவே ஏற்றுக்கொண்டதால்தான்.